கப்பல் நின்ற இடத்தில் கோல் போஸ்ட்

போன இதழில், "லிவர்பூல் போய் எவர்ட்டனின் புது ஸ்டேடியத்தைப் பார்த்துவிட்டு விடியற்காலை மூன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எவர்ட்டன், லிவர்பூல் நகரத்துக் கால்பந்து அணி. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

நீங்கள் வெஸ்ட் ஹாம் ரசிகர் என்று பலமுறை எழுதியிருக்கிறீர்கள். எவர்ட்டன் ஸ்டேடியத்தில் உங்களுக்கு என்ன வேலை?
(ஒரு வாசகர், ஈரோடு)

வெஸ்ட் ஹாம் லண்டன் அணி, எங்களுக்கு அது வெளியூர் ஆட்டம், அதுதான் வேலை. இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீகில் ஒவ்வொரு அணியும் மற்ற பத்தொன்பது அணிகளோடும் தன் ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை மோத வேண்டும். அவர்கள் ஊருக்குப் போகும்போது நம் அணியோடு நாமும் கிளம்பிப் போகலாம், நமக்கென்று கேலரியில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பார்கள். எவர்ட்டன் 133 வருடம் ஆடிய குடிசன் பார்க் என்ற பழைய மைதானத்தை விட்டு 2025-ல் தான் புது இடத்துக்கு வந்தது. எங்களுக்கு அங்கே முதல் லீக் ஆட்டம் செப்டம்பர் 29, திங்கட்கிழமை, இரவு எட்டு மணி. திங்கட்கிழமை இரவு என்பதைக் கவனியுங்கள். டிவிக்காரர்களுக்கு வசதி, லண்டனிலிருந்து போகிறவனுக்கு எமன். ஆட்டம் முடிந்து ஸ்டேஷனுக்கு ஓடினாலும் லண்டனுக்கு ரயில் இருக்காது.

அதனால் ரசிகர்கள் சேர்ந்து பிடித்த வாடகை பஸ். ஆபீஸில் அரைநாள் லீவு, வீட்டம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை, இரண்டு பக்கமும் என்னைப் போலவே நாற்பதைத் தாண்டிய ஆட்கள். பஸ்ஸில் பாட்டும் பீருமாகப் போவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1985-ல் வந்த சட்டப்படி, கால்பந்து ஆட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகை பஸ்ஸில் மது இருக்கவே கூடாது. ஸ்டேடியத்துக்குள் வாங்கலாம், ஆனால் மைதானம் கண்ணில் படும் இடத்தில் நின்று குடிக்கக் கூடாது. ஐந்து மணிநேரமும் தண்ணீர்தான். நான் குடிப்பதில்லை என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, பக்கத்து சீட்காரர் பர்மிங்ஹாம் தாண்டும் வரை பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்டேடியம் எப்படி இருக்கிறது? இரண்டு வரியில் சொல்லவும்.
(கல்லூரி மாணவி, திருச்சி)

இரண்டு வரியில் முடியாதும்மா, மன்னிக்கவும்.

பெயர் ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம். அது ஒரு சட்ட நிறுவனத்தின் பெயர், காசு கொடுத்துப் பெயரை வாங்கியிருக்கிறார்கள். ரசிகர்கள் பலருக்கு அது இன்னும் பிராம்லி-மூர் தான். ஏனென்றால் அது நிற்கும் இடம் பிராம்லி-மூர் டாக், 1848-ல் திறந்த கப்பல்துறை. கட்டியவர் ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற இன்ஜினீயர், லிவர்பூல் துறைமுகத்தில் பாதிக்கு மேல் அவர் கைவண்ணம். அந்தத் துறையில் ஸ்டேடியம் கட்டக் கடலடியிலிருந்து சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை அள்ளிவந்து தண்ணீருக்குள் கொட்டி மேடாக்கினார்கள். பழைய கல் சுவர்களை இடிக்கவில்லை, அவை மணலுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. நாளைக்கே ஸ்டேடியம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் மணலை அள்ளிவிட்டு மறுபடி கப்பலைக் கொண்டுவந்து கட்டலாம் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

நாங்கள் போனபோது ஆறு மணி, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரீஜென்ட் ரோடு நெடுகிலும் ஹார்ட்லி எழுப்பிய கிரானைட் மதில். இதைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வேண்டும். ஒரே அளவில் வெட்டிய கற்கள் இல்லை. பெரிது, சிறிது, ஐந்து மூலை, ஏழு மூலை என்று கிடைத்த வடிவத்தில் கிடைத்த கல்லை எடுத்து, ஒன்றின் மூலைக்கு ஏற்ப அடுத்ததைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. பின்னால் வந்த ஆள் "என்ன தேடுகிறாய்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரும் ஒருமுறை நகத்தை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மதிலைத் தாண்டினால் திறந்த முற்றம். தரையில் பழைய கருங்கல் பாவு, அதில் சரக்கு வண்டிகள் ஓடிய தண்டவாளம் பெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள். கப்பலைக் கட்டிய இரும்புக் குற்றிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சிறுபிள்ளைகள் அதில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு தாத்தா அதன்மேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் 1883-ல் கட்டிய, நீரழுத்தத்தில் துறைமுக எந்திரங்களை ஓட்டிய ஹைட்ராலிக் எந்திர வீடு, உயரமான செங்கல் கோபுரத்தோடு. அதற்குப் பின்னால் திடீரென்று வெள்ளிநிறத் தகட்டுக் கூரை. கீழ்ப்பாதி பழைய கிடங்கு மாதிரி செங்கல், மேல்பாதி வேறு ஏதோ கிரகத்திலிருந்து இறங்கியது மாதிரி. செங்கல் சுவரில் குறுக்கும் நெடுக்குமான ஒரு பின்னல் கோலம் வரும், அது குடிசன் பார்க் கேலரியின் முகப்பில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற அந்தக்கால ஸ்டேடியக் கட்டிடக்கலைஞர் போட்ட கோலம். பழைய வீட்டுக் கதவைப் புது வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுவோம் இல்லையா, அந்த மாதிரி.

உள்ளே ஏறக்குறைய 53,000 பேர். தெற்குப் பக்கம் ஒரே கேலரியில் சுமார் 13,000 பேர், விதி அனுமதிக்கும் அளவுக்குச் செங்குத்தாக. நாங்கள் வடக்குப் பக்கம் இருந்தோம், அதனால் ஆட்டம் முழுக்க எவர்ட்டன் ரசிகர்களின் அந்த நீலச் சுவர் எங்களைப் பார்த்தே நின்றது. கோல் விழுந்தபோது சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது.

ஸ்டேடியத்தைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். ஆட்டம் என்ன ஆயிற்று?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சரி. 1-1. 18-வது நிமிடத்தில் மைக்கேல் கீன் தலையால் முட்டிப் போட்டார், 65-வது நிமிடத்தில் எங்கள் ஜாரட் போவன் சமன் செய்தார். இரண்டு நாள் முன்புதான் எங்கள் அணியில் கிரஹாம் பாட்டரை அனுப்பிவிட்டு நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவை மேனேஜராகக் கொண்டுவந்திருந்தார்கள், அவருக்கு இது முதல் ஆட்டம். அந்தப் பக்கம் எவர்ட்டன் மேனேஜர் டேவிட் மோயஸ், முன்பு எங்கள் மேனேஜராக இருந்து 2023-ல் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அன்று பிராகில் 90-வது நிமிடத்தில் கோப்பைக்கான கோலை அடித்ததும் இதே போவன்தான். கோல் அடித்துவிட்டுப் போவன் ஓடிவந்தபோது நான் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் யார் என்று இப்போதும் தெரியாது.

டிக்கெட் விலை என்ன? இங்கிருந்து வந்தால் எனக்குக் கிடைக்குமா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-லிருந்து பிரீமியர் லீகில் உச்சவரம்பு இருக்கிறது. அந்த லீகில் ரசிகனுக்குச் சாதகமாக நடந்த சில காரியங்களில் இது ஒன்று. ஒதுக்கீடு 3,000 இருக்கை, அல்லது மொத்த இருக்கையில் பத்து சதவீதம், இரண்டில் எது குறைவோ அது.

விலை மலிவு, கிடைப்பதுதான் பாடு. இதற்கு முன் எத்தனை வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு அந்த வரிசைப்படிதான் கொடுப்பார்கள். புது ஸ்டேடியம் என்றால் கேட்கவே வேண்டாம். நாலு டிவிஷனிலும் சேர்த்து 92 கிளப், அந்த 92 மைதானத்தையும் பார்த்து முடிப்பதே சிலருக்குப் பிறவிப்பயன். அறுபடைவீடு போவது போலத்தான், ஆனால் இங்கே படைவீடு அடிக்கடி இடம் மாறும். ஒரு கிளப் புது மைதானம் கட்டினால் இவர்கள் கணக்கில் ஒன்று குறைந்துவிடும், மறுபடி டிக்கெட்டுக்கு அலைய வேண்டும். எனக்குப் பின் வரிசையில் ஒரு பெரியவர், "இது எனக்கு மூன்றாவது தடவை 92" என்றார். நான் இன்னும் நாற்பது மைதானத்தைக்கூடத் தொடவில்லை.

உங்களைப் போல இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு வெளியூர் ஒதுக்கீட்டில் டிக்கெட் கிடைப்பது சிரமம். ஆட்டம் இல்லாத நாளில் ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்குப் போங்கள்.

என் மகன் லிவர்பூலில் படிக்கிறான். மேட்சுக்குப் போகிறேன் என்கிறான். ஸ்டேடியம் ஊருக்குள் இருக்கிறதா, ராத்திரி தனியாக வர முடியுமா?
(ஒரு தாய், நாகர்கோவில்)

கவலைப்படாதீர்கள் அம்மா, ஐம்பதாயிரம் பேரோடு சேர்ந்துதான் வருவான். லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் முக்கால் மணிநேரம். மூர்ஃபீல்ட்ஸில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சேண்ட்ஹில்ஸ், அங்கிருந்து கால் மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூட. போகும்போது சேண்ட்ஹில்ஸ், திரும்பும்போது நடை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது சின்ன ஸ்டேஷன், ஆட்டம் முடிந்ததும் வெளியே தடுப்புக் கட்டி வரிசையில் நிறுத்தித்தான் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் பாதி தூரம் நடந்துவிடலாம். நடக்கிற வழியில் ஸ்டான்லி டாக் புகையிலைக் கிடங்கைப் பார்க்கச் சொல்லுங்கள், 1901-ல் முடித்தது, 2 கோடியே 70 லட்சம் செங்கல் என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ஸ்வெட்டர். மெர்சி நதியிலிருந்து வரும் காற்றுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது. செப்டம்பரிலேயே என் காது மரத்துப்போனது. ஜனவரியில் அந்த முற்றத்தைக் கடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லிவர்பூல் துறைமுகம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயிற்றே, அதில் எப்படி ஸ்டேடியம் கட்ட விட்டார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

கட்டினார்கள், பட்டம் போய்விட்டது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகிலேயே அப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது. ஸ்டேடியம் மட்டும் காரணமில்லை, கரையோரம் முழுக்கத் திட்டமிட்ட அடுக்குமாடிகளும் சேர்ந்துதான். அடுத்த மாதமே, ஆகஸ்டில், ஸ்டேடியத்துக்கு வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

ஐயா, உங்கள் ஊர்க்காரருக்கு இந்த வலி புரியும். ஆனால் நான் பார்த்தவரை, அந்தக் கப்பல்துறை பல வருடம் பூட்டிக் கிடந்த இடம், மதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பதாயிரம் பேர் ஹார்ட்லியின் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள். பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பதா, கோயிலில் விளக்கு எரிவதா என்று கேட்டால் நான் விளக்குப் பக்கம். நீங்கள் மறுக்கலாம்.

133 வருடம் ஆடிய இடத்தை விட்டுவிட்டு வர அவர்களுக்கு மனசு எப்படி வந்தது? பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்களா?
(ஒரு வாசகி, காரைக்குடி)

இடிக்கவில்லை, அதுதான் நல்ல செய்தி. குடிசன் பார்க் இப்போது எவர்ட்டன் பெண்கள் அணியின் வீடு. முதலில் இடித்துவிட்டு வீடுகள் கட்டுவதாகத்தான் திட்டம், அப்புறம் மனம் மாறினார்கள்.

அது 1892 ஆகஸ்ட் 24-ல் திறந்தது. புது ஸ்டேடியத்தில் முதல் லீக் ஆட்டம் நடந்ததும் ஆகஸ்ட் 24 தான், 2025-ல், பிரைட்டனை 2-0 என்று ஜெயித்தார்கள். அதற்கும் முன்னால் எவர்ட்டன் ஆடியது எங்கே தெரியுமா? இன்று லிவர்பூல் கிளப் ஆடும் ஆன்ஃபீல்டில்! வாடகைத் தகராறில் வெளியே வந்தார்கள், காலி இடத்துக்கு ஆள் வேண்டுமே என்று அந்த இடத்துக்காரர் ஆரம்பித்ததுதான் லிவர்பூல் கிளப். வீட்டுக்காரர், குடித்தனக்காரர் சண்டையில் பிறந்த பகை, இன்றுவரை ஓடுகிறது. 1927-28-ல் ஒரே சீசனில் 60 லீக் கோல் அடித்த எவர்ட்டனின் டிக்ஸி டீன், 1980-ல் இதே குடிசனில் எவர்ட்டன்-லிவர்பூல் ஆட்டம் பார்க்க வந்த இடத்தில்தான் உயிரை விட்டார். அப்படி ஓர் இடம்.

மனசு எப்படி வந்தது என்றால், தூண்கள். நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன், எனக்கும் கோல் போஸ்டுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தூண். தொண்ணூறு நிமிடமும் கழுத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பார்த்தேன். பார்வை மறைக்காத இருக்கைகளும் வசதியான அறைகளும் கட்டி விற்றால்தான் பெரிய கிளப்புகளோடு பணத்தில் போட்டிபோட முடியும் என்ற கணக்கும் உண்டு.

வெளியூர் கூட்டத்தில் அடிதடி நடக்குமே, அதுவும் நம் நிறத்துக்கு?
(பெயர் வேண்டாம், சென்னை)

எண்பதுகளில் நடந்தது. 1988-ல் குடிசனில் லிவர்பூலுக்கு ஆடிய ஜான் பார்ன்ஸ் காலடியில் வாழைப்பழத்தை வீசினார்கள், அவர் அதைக் குதிகாலால் தட்டிவிட்ட படம் இன்றும் சுற்றுகிறது. இப்போது அந்த அளவுக்கு இல்லை, சுத்தமாக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு வந்த ஒரே சிக்கல் என்னாலேயே வந்தது: போன் சார்ஜ் பதினொன்று சதவீதம், டிக்கெட் போனுக்குள். வரிசையில் நின்ற ஓர் எவர்ட்டன் பையன், நீலத் துண்டு போட்டவன், தன் பவர் பேங்கைக் கொடுத்துவிட்டு "உங்களுக்கு இன்று மூன்று கோல்" என்றான். பத்து நிமிடம் அவனோடு நின்று திட்டு வாங்கிக்கொண்டே சார்ஜ் ஏற்றினேன்.

உங்கள் வெஸ்ட் ஹாமும் புது ஸ்டேடியம் போனதுதானே? ஏன் அதைப் பற்றி எழுதுவதே இல்லை?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

நேராக நெஞ்சில் கைவைத்துவிட்டீர்கள்.

நான் ஈஸ்ட் ஹாமில் குடியேறியபோது அப்டன் பார்க் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. இட்லிமாவு வாங்கப் போகும் வழியில் ஸ்டேடியம். கோல் விழுந்தால் சமையலறைக்கே கேட்கும். 2016 மே 10-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். நாங்கள் போனது ஒலிம்பிக்குக்குக் கட்டிய லண்டன் ஸ்டேடியத்துக்கு, 99 வருடக் குத்தகைக்கு. 62,500 பேர் உட்காரலாம். ஆனால் ஓட்டப்பந்தயப் பாதையைச் சுற்றிப் போட்ட வட்டம் அது, கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தல் போடலாம். ஆளை மாற்றினார்கள், நாற்காலியை நகர்த்தினார்கள், தூரம் தூரமாகவே இருக்கிறது.

எவர்ட்டன்காரர்கள் தங்களுக்கென்று அளவெடுத்துத் தைத்துக்கொண்டார்கள், நாங்கள் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டோம். அன்றிரவு பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். முதல் பாதி முழுக்க நான் ஆட்டத்தை விடக் கேலரியைத்தான் அதிகம் பார்த்தேன்.

பார்க்கிங் (Barking) ரோடு மூலையில், பழைய மைதானத்துக்குப் பக்கத்தில், இங்கிலாந்து ஜெயித்த 1966 உலகக் கோப்பையின் சிலை இன்னும் நிற்கிறது. கோப்பையைத் தூக்கிப் பிடித்த பாபி மூர், அவரோடு ஹர்ஸ்ட், பீட்டர்ஸ். மூவரும் எங்கள் ஆட்கள். மூரைத் தோளில் தாங்கும் இன்னொருவர் ரே வில்சன். அவர் அப்போது எவர்ட்டன் ஆட்டக்காரர். அந்தச் சிலையைத் தாண்டி எத்தனையோ வருடம் நடந்திருக்கிறேன், அந்த நாலாவது ஆள் யார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. லிவர்பூல் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் சொல்லித்தான் தெரியும்.

கால்பந்து ஸ்டேடியம் பற்றியெல்லாம் எழுதுகிறீர்களே, தமிழ் வாசகனுக்கு இதனால் என்ன பயன்?
(கோபமுள்ள வாசகர், விழுப்புரம்)

ஒன்றுமில்லை சார். அடுத்த இதழில் மின்கட்டணம்.

மூன்றரைக்கு வீடு வந்து, மறுநாள் ஆபீஸ் போனீர்களா? வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?
(இல்லத்தரசி, மதுரை)

போனேன், எட்டே முக்காலுக்கு. ஸ்டேடியத்தில் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் புளியோதரைப் பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். திரும்பும்போது இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். உள்ளே சுடவைத்த பை ஐந்து பவுண்டுக்கு மேல். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பெருங்காய வாசம் பஸ் முழுக்கப் பரவ, முன் சீட்டிலிருந்து ஒரு தலை திரும்பியது, அப்புறம் இன்னொன்று. எனக்கு மிஞ்சியது இரண்டு வாயும் ஒரு வேர்க்கடலையும்.